இதய உபகுழுவும் இரண்டு முட்டை அட்டைகளும்

நாமக்கல்லைத் தாண்டிக் கொஞ்சதூரம் போனால் கொல்லிமலை வியூ நகர் என்று ஒரு குடியிருப்பு வரும். அங்கே யார் வீட்டு வாசலில் நின்று பார்த்தாலும் கொல்லிமலை தெரியாது. ஒரு காலத்தில் தெரிந்ததாம். நலச்சங்கத் தலைவர் குமரகுரு மூன்று மாடி எழுப்பிய நாளிலிருந்து மலை அவர் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டது. இதைப் பற்றி யாரோ ஒருமுறை முணுமுணுத்ததற்கு, மலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மூன்றாவது மாடியிலுள்ள சங்க அலுவலகத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானமே போட்டுவிட்டார்கள்.

அந்த நகரில், தலைவர் வீட்டுக்கு நேர் எதிரே, மஞ்சுளா குடியிருந்தாள். ஐம்பத்தைந்தைத் தாண்டியவள். வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். "நாமக்கல்லுல உக்காந்துட்டு முட்டையச் சந்தேகப்படறீங்களே அக்கா!" என்று கடைக்காரர் மனம் நொந்தபோது, "நல்லதையெல்லாம் வெளியூருக்கு ஏத்திட்டுத்தான நமக்குக் குடுப்பீங்க" என்றாள்.

அப்படிப்பட்டவளுக்கு அந்த மார்கழியில் தன் நெஞ்சின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பனி இறங்கியதும் இளைப்பு. நாலு படி ஏறினால் மூச்சு விசில் அடித்தது. பரமத்தி ரோட்டில் மாடியில் வைத்தியம் பார்க்கும் டாக்டர் நர்மதாவிடம் போனாள். பாதிப் படியில் உட்கார்ந்து, மீதிப் படியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, பிறகு ஏறினாள்.

டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். "காலையில பனியில நடக்காதீங்க" என்றார். "பனி போனப்புறம் லாரிப் புழுதியிலயும் நடக்காதீங்க."

"அப்ப எங்கதானுங்க நடக்கறது?"

"வீட்டுக்குள்ளயே ஏதாவது பண்ணுங்க. இருதயம் கொஞ்சம் வேகமா அடிக்கணும், உடம்பு வேர்க்கணும். முக்கியமா, அது உங்களுக்குப் பிடிக்கணும். பிடிக்கலைன்னா நாலாம் நாள் விட்டுருவீங்க."

மஞ்சுளா கண்ணைச் சுருக்கினாள். மருந்து கசக்கும், பொறுத்துக்கோ என்று சொல்லும் டாக்டர்களை அவள் பார்த்திருக்கிறாள். பிடிக்க வேண்டும் என்று சொல்லும் டாக்டரை இப்போதுதான் பார்க்கிறாள். இதில் என்ன சூது இருக்கிறதோ?

"மாசி மாசம் வாங்க" என்றார் டாக்டர். "இந்தப் படியை நடுவுல நிக்காம ஏறி வரணும். அதுதான் பரீட்சை."

பெங்களூரில் இருக்கும் மகன் மதன் அன்றைக்கே போனில் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டான். "மாசியில ஏறலைன்னா பேசக்கூடாதும்மா. ஊட்டப் பூட்டிட்டு நீங்களும் அப்பாவும் இங்க வந்துருங்க. பதினோராவது மாடி."

"நாலு படிக்கே மூச்சு வாங்குதுன்னுதான சாமி சொல்றேன்!"

"லிப்ட் இருக்குதும்மா. படியே மிதிக்க வேண்டியதில்ல."

"என்ற மிஷினு?"

"சத்தம் வருமுன்னு இங்க உடமாட்டாங்கம்மா. இனி எதுக்குத் தச்சுக்கிட்டு? சும்மா உக்காருங்க."

அந்த 'சும்மா உக்காருங்க' என்ற சொல்லோடு மஞ்சுளா போனை வைத்துவிட்டாள். ஒருமுறை அங்கே போய் இருந்துவிட்டு வந்தவள்தான். பக்கத்துக் கதவுக்குள் இருப்பவர்கள் யார் என்றே தெரியாது. ஜன்னல் வழியே பார்த்தால் எதிரே வேறொரு ஜன்னல், அதில் வேறொரு அம்மா சும்மா உட்கார்ந்திருப்பாள். மாசிக்குள் இருதயத்தைத் தேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஜன்னல்தான் என்று முடிவாயிற்று.

முதலில் வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தாள். சமையற்கட்டிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து சமையற்கட்டுக்கு. லாரி ஓட்டி ஓய்ந்து சோபாவில் சாய்ந்திருந்த செங்கோடன், தன் மனைவி குறுக்கும் நெடுக்கும் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள தொலச்சுட்ட?"

"ஒன்னுந் தொலைக்கலீங்க. நடக்கறனுங்க."

"நகையா?"

"நடக்கறேன்னு சொல்றனுல்லொ!"

"எதா இருந்தாலும் சொல்லிப்போடு. நான் கோவிக்க மாட்டேன்."

நாலாம் நாள் டாக்டர் சொன்னபடியே அதை விட்டுவிட்டாள். டிவியில் ஒரு பெண் குதித்துக் குதித்து, "சிரிங்க, மகிழ்ச்சியா பண்ணுங்க" என்றாள். அவள் சம்பளத்துக்குச் சிரிக்கிறாள் என்று மஞ்சுளாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. மாடிப்படியில் ஏறி இறங்கினால், மேலே வாடகைக்குக் குடியிருப்பவர்கள் ஒட்டுக்கேட்க வருகிறாள் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கடைசியில் வழி தானாக வந்தது. பக்கத்து வீட்டுச் சித்ரா முட்டை வாங்கிக்கொண்டு வந்தவள், மிஷின் அடியில் கிடந்த வெட்டுத்துணிகளையெல்லாம் உருட்டிக் கட்டிப் பந்தாக்கி, "எப்பப் பாத்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு" என்று மஞ்சுளாவின் மேல் வீசினாள். மஞ்சுளா கையில் காலி முட்டை அட்டை இருந்தது. யோசிக்காமல் ஓர் அடி அடித்தாள். அட்டையின் குழிகளில் பட்ட பந்து எந்தத் திசைக்குப் போகும் என்று அடித்தவளுக்கே தெரியவில்லை. சித்ரா இன்னோர் அட்டையைத் தூக்கிக்கொண்டாள். இரண்டு பேரும் கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் கூடமெல்லாம் ஓடினார்கள். மஞ்சுளாவுக்கு வேர்த்தது. இருதயம் அடித்தது. இந்த அடிப்பில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஷோகேஸ் கண்ணாடி உடைந்தபோதுதான் நின்றார்கள்.

"லாரி ஓட்டுன காலத்துல ஒரு கண்ணாடி ஒடச்சதில்ல நானு!" என்றார் செங்கோடன். "அந்தச் சமுதாயக் கூடம் சும்மாதான பூட்டிக் கெடக்குது? அங்க போய் அடிச்சுத் தொலைங்க."

நல்ல யோசனை என்றுதான் தோன்றியது. சாவி சங்கத்தில் இருந்தது. சங்கம் மூன்றாவது மாடியில் இருந்தது. முதல் நாள் மஞ்சுளா ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள்.

"அக்கா, நீ தலைவரப் பாக்கறதுக்குள்ள அவரு பதவிக்காலம் முடிஞ்சு போயிருமாட்டத் தெரியுது" என்றாள் சித்ரா.

"அவருக்கு ஏது புள்ள முடிவு? அந்தாளு சாகறதுக்கே கமிட்டி கூடித்தான் அனுமதி குடுக்கோணும்."

மேலே முதலில் ஒரு நீளமான கூடம். அதுதான் மனுக்கொடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும் இடம். சுற்றிலும் கண்ணாடி ஜன்னல்கள், எல்லாம் அடைத்துக் கிடந்தன. ஒரு பெஞ்சும், பண்ணையிலிருந்து கொண்டுவந்து சுவரோரம் அடுக்கிய புது முட்டை அட்டைகளும் தவிர வேறொன்றும் இல்லை. அதற்கு உள்ளே அலுவலக அறை. தலைவர் குமரகுருவும் செயலாளர் கைலாசமும், கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் மஞ்சள் பல்பைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு, அதன் அடியில் ஒண்டி உட்கார்ந்திருந்தார்கள். குமரகுருவுக்குக் கோழிப் பண்ணைகள். கைலாசம் காலமெல்லாம் லாரி ஆபீசில் மேனேஜராக இருந்து, வண்டி தகுதிச் சான்றுக்கு, அதாவது எப்.சி.க்குப் போவதையும் வருவதையும் பார்த்துப் பார்த்து நரைத்தவர்.

"கூடத்துச் சாவி வேணுமுங்க" என்றாள் மஞ்சுளா.

"எதுக்கு அம்மிணி?" என்றார் தலைவர்.

"வெளையாடறதுக்குங்க."

கைலாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வெளையாடறதுன்னா?"

"முட்ட அட்டையில பந்தடிக்கறதுங்க. டாக்டரு சொல்லியிருக்காங்க. இருதயத்துக்கு நல்லதாமுங்க."

"டாக்டரு முட்ட அட்டையில அடிக்கச் சொன்னாங்களா?"

"புடிச்சதப் பண்ணச் சொன்னாங்க. எங்களுக்கு இது புடிச்சிருக்குதுங்க."

"புடிச்சிருக்குது" என்று தலைவர் அந்தச் சொல்லை முட்டையைப்போல உருட்டிப் பார்த்தார். "அம்மிணி, இந்தச் சங்கத்துல இதுவரைக்கும் புடிச்சிருக்குதுன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தரும் வந்ததில்ல. சாக்கடை அடச்சிருக்குது, நாய் கொலைக்குது, தண்ணி வரலைன்னுதான் வருவாங்க. அதுல எங்களுக்குப் பழக்கம் இருக்குது. தீர்க்க மாட்டோம், ஆனாப் பழக்கம் இருக்குது. நீங்க புதுசா வாரீங்க. பின்னால ஆரு இருக்காங்க?"

மஞ்சுளா திரும்பிப் பார்த்தாள். "சித்ராதானுங்க இருக்கறா."

"அட்டை எந்தப் பண்ணையிது?" என்று திடீரென்று கேட்டார் தலைவர்.

"கடையில முட்ட வாங்கறப்பக் குடுத்ததுங்க."

தலைவரும் செயலாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவருக்குப் போட்டியாக இன்னொருவர் பண்ணை வைத்திருக்கிறார் என்பதும், அவருக்கும் சங்கத் தலைவராகும் ஆசை உண்டென்பதும் ஊருக்கே தெரியும்.

"சரி" என்றார் குமரகுரு. "இதுக்கு ஒரு உபகுழு போட்டர்றேன். குளிர்கால உள்ளரங்க இதய உபகுழு. தலைவர் நானு. செயலாளர் கைலாசமண்ணன். உறுப்பினருங்க நாங்க ரெண்டு பேரு. வெளிய உக்காருங்க. கூடிப் பேசிட்டுக் கூப்புடறோம்."

உபகுழு அன்று கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. "பேசிக்கிட்டிருக்கறோம், நாளைக்கு வாங்க" என்று கைலாசம் கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டிச் சொல்லிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்வார். அவர்களும் தினமும் வந்தார்கள். சும்மா உட்கார்ந்தால் குளிர் முதுகில் ஏறியது. சித்ரா அடுக்கிலிருந்து இரண்டு அட்டைகளை உருவினாள்.

"நமக்கு வேண்டாம்புள்ள. அவுங்க அட்ட."

"தேஞ்சா போயிரும்? அக்கா, கூட்டம் முடியற வரைக்கும். ச்சும்மா."

பந்து மஞ்சுளாவின் இடுப்புப் பையிலேயே இருந்தது. ஏன் எடுத்து வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கூடம் நீளம், உடைய ஒன்றுமில்லை, பனிக்காற்று உள்ளே வராது. சித்ரா அடித்த பந்து ஜன்னல் பக்கம் போனபோது, அதைக் குனிந்து எடுத்து நிமிர்ந்தாள் மஞ்சுளா. பனிக்குள்ளிருந்து கொல்லிமலை நீலமாகத் தலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள, மல!"

"மலயப் பாத்தது போதும், பந்தப் போடு!"

உள்ளே உபகுழுவுக்கு டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. கூடவே பெண்களின் கூச்சல். கதவு திறப்பதற்குள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கைலாசம் எட்டிப் பார்த்தார். வேர்த்து வடியும் இரண்டு பெண்கள், சிவந்த முகம், ஏறி இறங்கும் மூச்சு.

அவர் உள்ளே போய், "தலைவரே, மக்கள் கொந்தளிச்சுப் போயிருக்காங்க" என்றார். "கோவத்துல மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்குது. செவுத்துல குத்தறாங்களாட்ட இருக்குது."

"ரெண்டு பேரா?"

"ரெண்டு பேருன்னா மக்கள் இல்லீங்களா?"

அதன் பிறகு உபகுழு வேகமாக வேலை செய்தது. அதாவது, ஒன்றன்பின் ஒன்றாக விதிகள் பிறந்தன.

முதல் விதி கைலாசத்தினுடையது. எப்.சி. இல்லாமல் லாரியே ரோட்டில் ஏறக்கூடாது எனும்போது, மனிதர் எப்படிக் கூடத்தில் ஏறலாம்? ஒரு நாள் அவர் மஞ்சுளாவை நிற்கவைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார். செருப்பின் தேய்மானத்தைப் பார்த்தார். "தூரத்துல இருக்கற அந்த போர்டப் படிங்க" என்றார். "சத்தமாக் கூப்புடுங்க பாக்கலாம்" என்றார், ஹாரன் சோதனை.

"ஆரைக் கூப்புடறதுங்க?"

"ஆரையாச்சும்."

"ஏ சித்ரா!"

"ஹாரன் நல்லாருக்குது. இப்ப மூச்ச இழுத்து உடுங்க."

மஞ்சுளா இழுத்து விட்டாள். மூச்சின் கடைசியில் விசில் கேட்டது. கைலாசம் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார்.

"பொகை தள்ளுதுங்க."

"அது இளைப்புங்க! அது சரியாகறதுக்குத்தானுங்க வெளையாடறதே!"

"அப்படிச் சொல்லக்கூடாது அம்மிணி. பிரேக் புடிக்காத வண்டிய, ஓடுனா சரியாப் போயிருமுன்னு ரோட்டுல உடுவாங்களா? மொதல்ல இருதயத்தச் சரி பண்ணிட்டு வாங்க. அப்பறம் இருதயத்தச் சரி பண்ற எடத்துக்கு உடறோம்."

மஞ்சுளா இதைத் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்தாள். எங்கேயோ கயிறு திரிக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. எந்த முனையைப் பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை.

"இவுங்களுக்கு என்னயக் கண்டா ஆகல புள்ள" என்றாள்.

"உனக்கு ஆரக் கண்டா ஆவுது?" என்றாள் சித்ரா. "போடு பந்த."

இரண்டாவது விதி தலைவருடையது. இது குளிர்காலத் திட்டம். ஆகவே குளிர் இருக்கும்போதுதான் கூடம் திறக்க வேண்டும். குளிர் இருக்கிறதா என்று பார்க்கப் பண்ணையிலிருந்து ஒரு வெப்பமானி கொண்டுவந்து சமுதாயக் கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். அதே வாரம், குடியிருப்புவாசிகள் குளிரில் வாடக்கூடாதென்ற கருணையால், கோழிக் கொட்டகைக்குக் கட்டுவதுபோலக் கூடத்தின் நாலு பக்கமும் தார்ப்பாய் இழுத்துக் கட்டி, உள்ளே வரிசையாக மஞ்சள் பல்புகளையும் எரியவிட்டார்கள். வெப்பமானி சித்திரை மாதத்தைக் காட்டியது.

"உள்ள குளிரே இல்லீங்களே, எப்படித் தொறக்கறது?" என்றார் கைலாசம்.

"வெளிய நடுங்குதுங்களே!" என்றாள் மஞ்சுளா.

"வெளிய நடுங்குனா அது வெளியரங்கமுங்க. இது உள்ளரங்கத் திட்டம்."

"அப்பத் தார்ப்பாயக் கழட்டுங்க."

தலைவர் நிஜமாகவே மனம் புண்பட்டுப் போனார். "உங்களுக்காகக் கட்டுனது அம்மிணி. கழட்டுனா உங்களுக்குத்தான குளுரும்?"

அன்று படியிறங்கும்போது சித்ரா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். மஞ்சுளா சிரிக்கவில்லை. தை பிறந்துவிட்டது. மதன் போனில், "இந்த வருச லீவுக்கு எல்லாத்தையும் பேக் பண்ணிடலாம்மா" என்கிறான். மிஷினை யாருக்குக் கொடுப்பதென்று செங்கோடன் விசாரிக்கவே தொடங்கிவிட்டார். இந்த நேரத்தில் இந்த இரண்டு பேரும் பல்புக்கு அடியில் உட்கார்ந்து தன்னை நாமக்கல்லைவிட்டே நாடுகடத்துகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எரிச்சலில் மறுநாள் மூன்று மாடியையும் விறுவிறுவென்று ஏறினாள். பாதியில் உட்காரவில்லை. உட்காரவில்லை என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

இதற்கிடையே திட்டத்தின் தொடக்கவிழா வந்தது. கூடம் திறக்காமலேயே எப்படித் தொடக்கவிழா நடக்கும் என்று மஞ்சுளா கேட்டதற்கு, விழாவுக்குத் திறப்பது வேறு, விளையாட்டுக்குத் திறப்பது வேறு என்றார்கள். வாசலில் அகலமான தட்டில் கருஞ்சிவப்பாக மருந்துத் தண்ணீர். பண்ணைக்குள் நோய் வராமலிருக்கக் காலை நனைத்துவிட்டுப் போவார்களே, அதே ஏற்பாடு. கொல்லிமலை வியூ நகரே ஊதா நிறப் பாதங்களோடு உள்ளே போய், நெருக்கிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தது. அட்டையை வீசுவது கிடக்கட்டும், கையைத் தூக்கக்கூட இடமில்லை.

பொன்னாடைகள் போர்த்தி முடியவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு குமரகுரு பேசினார்.

"அன்பான குடியிருப்புவாசிகளே! உக்காந்தே இருக்கறதுதான் இன்னைக்கு மனுசனுக்கு எமன்! அத நான் விரிவாச் சொல்றேன், நல்லா உக்காந்து கேளுங்க. என்ற பண்ணையில லட்சக்கணக்குல கோழி இருக்குது. ஒரு கோழியாச்சும் எனக்கு நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்குதா? மாசிக்குள்ள மாடி ஏறோணுமுன்னு கேட்டிருக்குதா? ஏன் கேக்கல? ஒழுங்கு! எப்பத் திங்கோணும், எப்ப வெளிச்சம், எப்ப இருட்டுன்னு நான் முடிவு பண்றேன். அதுக முட்ட போடுதுக. இங்கயும் எல்லா முடிவையும் நாந்தான் பண்றேன். நீங்க என்ன போட்டீங்க? ஓட்டாச்சும் போட்டீங்களா? எதுத்து நிக்க ஆளில்லாமப் பாத்துக்கிட்டதால அந்தச் சிரமத்தையும் நான் உங்களுக்கு வெக்கல!"

கைலாசம் கைதட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

"சந்தோசமா ஒடற்பயிற்சி பண்ணோணுமுன்னு சில பேரு சொல்றாங்க. சந்தோசம் நல்லதுதான். ஆனா ஒரு கொட்டகையில திடீருன்னு எல்லாக் கோழியும் ஒன்னாக் கத்துனா பண்ணைக்காரன் என்ன நெனப்பான்? சந்தோசமா இருக்குதுகன்னா நெனப்பான்? பாம்பு பூந்துருச்சுன்னு நெனப்பான்! அதனாலதான் இங்க கேமரா மாட்டியிருக்கறோம். சிரிக்கறவங்க கேமராவப் பாத்துச் சிரியுங்க. எதுக்குச் சிரிக்கறீங்கன்னு எங்களுக்குத் தெரியோணும்."

"சந்தேகம் இருந்தாக் கேக்கலாம்" என்று கைலாசம் ஒலிபெருக்கியில் சொன்னார். யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சொல்வதுதான் அது. மஞ்சுளா எழுந்தாள்.

"ஒரு சந்தேகமுங்க. வயசாகி முட்ட போடாத கோழிய என்னங்க பண்ணுவீங்க?"

தலைவர் மைக்கைப் பார்த்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் தலைநரைத்தவர்கள். அத்தனை பேரும் தலைவரைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் விடை தெரியும். நாமக்கல்லில் அது தெரியாதவர்கள் யார்?

"தேசிய கீதம்!" என்றார் கைலாசம்.

நிகழ்ச்சி முடிந்ததும் கூடத்தைப் பூட்டினார்கள். உள்ளே குளிர் இன்னும் போதவில்லை.

வெளியே வந்ததும், "அதுக்கும் ஒரு லாரி வரும் அக்கா" என்றாள் சித்ரா மெதுவாக. "வயசான கோழியக் கறிக்கு ஏத்திட்டுப் போக."

"எனக்கு வாரது பெங்களூர் காரு" என்றாள் மஞ்சுளா. இருவருமே அன்று சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில், சொல்லி வைத்ததுபோல, இரண்டு பேரும் மூன்றாவது மாடியில் இருந்தார்கள். அட்டைகளின் ஓரம் நைந்துபோயிருந்ததால் புதிதாக இரண்டை உருவிக்கொண்டார்கள்.

மாசி பிறந்தது. மஞ்சுளா டாக்டரிடம் போனாள். செங்கோடன் முன்னால் போய்ப் படியின் உச்சியில் நின்று போனைப் பிடித்துக்கொண்டார். அதற்குள்ளிருந்து மதன் பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சுளா கீழே நின்று படிகளை அண்ணாந்து பார்த்தாள். பெங்களூர் ஜன்னல் கண்ணுக்குள் வந்தது. கண்ணை மூடித் திறந்து, ஏறத் தொடங்கினாள்.

"என்னம்மா, மேல வந்துட்டீங்க?" என்றான் மதன்.

"ஏறுன்னயே சாமி!"

"நடுவுல எங்க நின்னீங்க? அப்பா, போன ஆட்டாம இருந்தீங்களா? நடுவுல கட் பண்ணுனீங்களா?"

"உன்ற அம்மா பையந்தான்டா நீ" என்றார் செங்கோடன்.

டாக்டர் நர்மதாவும் குழாயை இரண்டு முறை வைத்துப் பார்த்தார். "என்ன பண்ணுனீங்க?" என்றார். "தினமும் மாடி ஏறுனீங்களா?"

மஞ்சுளா பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுபோனாள். மூன்று மாடி. தினமும். மேலே போய்ப் பந்து. அவளுக்குக் குப்பென்று சிரிப்பு வந்தது.

"ஒரு சாவி கேட்டு அலஞ்சனுங்க" என்றாள்.

"கிடைச்சதா?"

"இல்லீங்க. அதனாலதானுங்க ஒடம்பு தேறுச்சு."

"அப்ப அதையே விடாமப் பண்ணுங்க" என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே. "நிறுத்துனா மறுபடி இளைப்பு வரும். அடுத்த மார்கழியிலயும் இதே படிதான்."

மறுநாள் சங்கத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. மஞ்சுளாவும் சித்ராவும் மேலே போனார்கள். தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். கைலாசம் கையில் பொன்னாடை இருந்தது. மஞ்சுளா டாக்டரின் படியை ஏறிய செய்தி செங்கோடன் வாய்வழியாக டீக்கடைக்குப் போய், அங்கிருந்து சங்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

"அம்மிணி, நம்ம திட்டத்துனால பலனடஞ்ச மொத ஆளு நீங்க!" என்றார் குமரகுரு. "ஒரு நாள் கூடக் கூடத்தத் தொறக்காமயே ஒரு இருதயத்தச் சரி பண்ணியிருக்கறோம். இந்தத் தமிழ்நாட்டுலயே இந்த மாதிரி ஒரு சிக்கனமான திட்டம் இருக்காது. உங்களுக்கு இப்ப எப்.சி.யும் கெடைக்கும். குளிரும் போயிருச்சு, அதனால குளிரு இருக்குதா இல்லயாங்கற பிரச்சனையும் இல்ல. உபகுழு ஏகமனதா முடிவு பண்ணிருச்சு. இந்தாங்க சாவி!"

சாவி பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் மின்னியது.

மஞ்சுளா அதைப் பார்த்தாள். தார்ப்பாய் கட்டிய கூடம் ஞாபகம் வந்தது. கால் நனைக்கும் தட்டு, நெருக்கிப் போட்ட நாற்காலிகள், எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்கும் கேமரா. அதுவும் தரைத்தளம். ஒரே ஒரு வாசற்படி. பிறகு, கதவுக்கு வெளியே இருக்கும் நீளக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் மலை பளிச்சென்று நின்றது. இந்தச் சாவியை வாங்கிவிட்டால் நாளைக்கு எதற்காக இந்த மாடி ஏறி வருவது?

சித்ரா அவள் இடுப்பில் லேசாகக் கிள்ளினாள்.

மஞ்சுளா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தலைவருங்க, ஒரு சந்தேகமுங்க."

"இன்னுமா அம்மிணி?"

"இது குளிர்காலத் திட்டத்துச் சாவிங்களே. இப்ப வெயிலு வந்துருச்சு. இந்தச் சாவி வெயிலு காலத்துக்குச் செல்லுங்களா? நாளைக்கு ஆராச்சும் கேட்டா உங்க பேருதான கெட்டுப் போகும்? அந்த இன்னொரு பண்ணைக்காரரு வேற..."

தலைவரின் நீட்டிய கை அப்படியே நின்றது. மெல்ல மடங்கிச் சட்டைப் பைக்குள் போனது. கைலாசம் கண்ணாடியைக் கழற்றினார்.

"தலைவரே, அது தீர்மானத்துல தெளிவா இல்லீங்க."

"இல்லதான்" என்றார் குமரகுரு கவலையோடு. "நல்லவேள, கேட்டீங்க அம்மிணி. இதுக்கு ஒரு கோடைக்கால உபகுழு போடோணும். கொஞ்ச நாளு ஆகும். மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவால்லீங்க. நாங்க தெனமும் வந்து விசாரிச்சுக்கறமுங்க."

"மாடி ஏறி வரோணுமே, சிரமமில்லீங்களா? பொதுமக்கள் வசதிக்கு ஒரு லிப்ட் போட்டர்லாமான்னு கூட யோசன இருக்குது..."

"ஐயோ, வேண்டாமுங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

தலைவர் அவர்களைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கைலாசத்தைப் பார்த்தார்.

"வெளிய உக்காருங்க" என்றார். "கூடிப் பேசிட்டுக் கூப்புடறோம்."

கதவு சாத்திக்கொண்டது. பல்புக்கு அடியில் இரண்டு தலைகள் நெருங்கின. வெளியே, சித்ரா அடுக்கிலிருந்து அட்டையை உருவும் சத்தம் கேட்டது. மஞ்சுளா பந்தை எடுத்து, அது சரியாகக் கட்டியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, மேலே வீசினாள்.